பரிவு வாதமாகுமா? – மலையகம் பற்றிய பல்கலைக்கழகக் கட்டுரைகள் குறித்து

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தமிழில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளுள் மலையகத்தைப் பொருளாகக் கொண்டவற்றுக்குத் தனியிடம் உண்டு. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎலை முதலிய பகுதிகளின் தோட்டங்களிற் பிறந்து, லயத்து அறைகளிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த இளைஞர் தம் சமூகத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வது மகிழ்தற்குரியது. பிறர் எழுதப் பொருளாய் இருந்தோர் தாமே எழுதுவோராய் மாறுவது சமூக வரலாற்றில் ஒரு முக்கிய திருப்பமாகும். ஆயின், அக்கட்டுரைகளிற் பல ஒரு பெருங்குறையைப் பொதுவாகக் கொண்டுள்ளன. அவை முன்னரே உடன்பட்டவரை மீண்டும் உடன்படச் செய்கின்றன. உடன்படாதவரை அசைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. பரிவு அவற்றில் நிறைய உண்டு. வாதம் இல்லை.

இத்தகைய கட்டுரை ஒன்றின் அமைப்பை வாசகர் எளிதில் நினைவுகூரலாம். தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் மன்னாரிலிருந்து காடு வழியே நடந்து மடிந்த வரலாறு முதற் பகுதி. 1948, 1949, 1964, 1974, 1988, 2003 எனச் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்குவது இடைப் பகுதி. தொழிலாளியின் இரத்தமே தேநீரின் நிறம் என்னும் உருவகமும், அரசு ஆவன செய்தல் வேண்டும் என்னும் வேண்டுகோளும் இறுதிப் பகுதி. இவற்றுட் கூறப்படும் செய்திகள் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் ஒரு செய்தி மற்றொன்றுக்கு எவ்வாறு ஏதுவாகின்றது, இவற்றிலிருந்து எந்த முடிபு எவ்வாறு பிறக்கின்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதேயில்லை. நன்னூலார் பத்துக் குற்றங்களைத் தொகுத்தபோது வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் என்பனவற்றையும் அவற்றுட் சேர்த்தார். இக்கட்டுரைகளைப் படித்தோர்க்கு அம்மூன்றுக்கும் வேறு எடுத்துக்காட்டுத் தேடவேண்டிய தேவை இராது.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் மறுமொழி ஒன்றுண்டு. அநீதி கண்முன் நிற்கையில் வாதம் எதற்கு என்பதே அது. ஒரு மக்கட்கூட்டம் நாடற்றதாக்கப்பட்டது என்று சொன்னாற் போதாதா, அது அநீதி என நிறுவவும் வேண்டுமா என்று கேட்பர். கேள்வி உணர்ச்சி நிறைந்தது. ஆயினும் வரலாற்றை மறந்தது. மலையக மக்களின் உரிமை பறிக்கப்பட்டது வசைமொழியினால் அன்று, வாதத்தினால். ஆணைக்குழு அறிக்கைகளும் சட்ட மூலங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் நிதானமான மொழியில், காரணங் காட்டி, சான்று சுட்டியே அதனைச் செய்தன. வாதத்தாற் பறிக்கப்பட்டதைக் கண்ணீரால் மீட்டல் இயலாது. அவ்வாதத்தின் எந்தக் கண்ணி பலவீனமானது என்பதைக் காட்டுவதே ஆய்வாளன் கடன்.

அதற்கான கருவிகள் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதை நிறுவப்பட வேண்டிய பக்கத்தையும், அதற்குரிய ஏதுவையும், அவ்விரண்டையும் இணைக்கும் எடுத்துக்காட்டையும் விளக்கி, இவை மூன்றும் வழுவும் இடங்களைப் போலிகள் எனப் பகுத்துக் கூறுகின்றது. பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப் போலி பத்து. மலையிற் புகை கண்டு ஆங்கு நெருப்புண்டு எனத் துணிதல் நல்ல வாதம். ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீராத ஒன்றையே புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிதல் போலி. பண்டாரவளையில் விடியற்காலையில் எழுந்து எதிர்மலையை நோக்கியவருக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. மலையெல்லாம் மூடிக்கிடக்கும் மூட்டத்தைக் கண்டு தோட்டம் தீப்பற்றியதென எவரும் கூவுவதில்லை. ஆயின், ஆய்வுக் கட்டுரை எழுத அமர்ந்ததும் பனி எது, புகை எது என்னும் ஐயமே எழாது போகின்றது.

பிரசாவுரிமை மறுக்கப்பட்ட வரலாற்றை இக்கண் கொண்டு நோக்குதல் தகும். 1928இல் வெளிவந்த டொனமூர் அறிக்கை சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது, நாட்டில் நிலையான ஈடுபாடுடையோர்க்கே அது உரியதாதல் வேண்டுமென்று கூறி, இந்தியாவிலிருந்து வந்தோரைக் கருத்திற்கொண்டு வதிவிட நிபந்தனை ஒன்றை விதித்தது. தோட்ட மக்களுள் ஏறத்தாழ 40 முதல் 50 வீதத்தினர் நிலையாகக் குடியமர்ந்தோர் என்பது அக்காலத்து மதிப்பீடு. 1945இல் சோல்பரி ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்த வேளையில் அம்மதிப்பீடு ஏறத்தாழ 80 வீதமாக உயர்ந்திருந்தது. 1947 பொதுத் தேர்தலில் தோட்டப் பகுதிகள் தம் பிரதிநிதிகளைத் தெரிவு செய்தன, பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அதனையடுத்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் நிறைவேறின. 1952 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை.

இவ்வளவையும் எல்லாக் கட்டுரைகளும் கூறும். அவை கூறாது விடுவது அடுத்து நிகழ்ந்ததையாகும். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஏனைய சமூகத்தவர்க்கு விதிக்கப்படாத ஒரு தடையை ஒரு சமூகத்தவர்க்கு மட்டும் விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. அதனை ஆதாரமாகக் கொண்டு, ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் இடம் மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு இலங்கை உயர் நீதிமன்றம் சென்று தோற்று, இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் அங்கும் தோல்வியே கிடைத்தது. ஒரு நாடு தன் பிரசைகள் யாவரென வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி என்பது கழகத்தின் முதல் ஏது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அவர்கள் பிரசைகளாதற்குத் தகுதியுடையரா என்பதோடு நேரடித் தொடர்புடையது. ஆயின், அஃது அவர்களை ஒரு சமூகம் என்ற வகையில் நோக்கியதன்று என்பது அடுத்த ஏது.

இவ்விரண்டாம் ஏதுவை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். இடம்பெயர்தல் தனித்தனி மனிதரின் செயல். ஒருவர் ஆண்டுதோறும் தமிழகம் சென்று மீளலாம். மற்றொருவர் மூன்று தலைமுறையாகத் தோட்டத்தை விட்டு அகலாதிருக்கலாம். அவ்வேறுபாட்டை ஒதுக்கி, வழக்கத்தை ‘இந்தியத் தமிழர்’ என்னும் முழுத் தொகுதியின் மீது ஏற்றியபின், இது சமூகத்தைப் பற்றியதன்று என்று கூறுதல் ஏதுவும் முடிபும் ஒன்றையொன்று மறுப்பதாகும். மேலும், நிலையாகத் தங்கியோர் பெரும்பான்மையினர் என்பது அரச அறிக்கைகளிலேயே ஏற்கப்பட்டிருந்தமையால், ஏது தானும் ஐயத்துக்குரியதாகின்றது. பனி புகையெனக் கொள்ளப்பட்ட இடம் இதுவே. தீர்ப்பை இனவாதம் என்று வைது ஒதுக்கும் கட்டுரை இவ்விடத்தைக் காணாமலே கடந்து செல்கின்றது. தீர்ப்பின் சொற்களைப் பொறுமையோடு படித்து, அதன் சொந்த ஏதுவினாலேயே அதனை வீழ்த்தும் கட்டுரைக்கே எதிராளியும் விடை சொல்லக் கடமைப்படுவான்.

எதிர்த் தரப்பை இவ்வாறு சோதிப்பவர் தம் தரப்பையும் அதே தராசில் இடுதல் வேண்டும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர். இம்மக்களுக்கு இந்நாட்டிற் பற்றில்லை என்ற கூற்றுக்கு இதனினும் வலிய மறுப்பு வேறில்லை. ஆயின், இலங்கை இந்திய காங்கிரஸ் தொடக்கத்தில் அச்சட்டத்தைப் புறக்கணித்தது. விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை காலக்கெடுவின் இறுதிப் பகுதியிலேயே குவிந்தன. இச்செய்தியைக் கூறாது விடுவோர் சமூகத்துக்கு உதவுவதாக எண்ணுகின்றனர். உண்மையில், எதிராளி அதனை எடுத்துக் காட்டும் நாளில் கட்டுரை முழுவதும் ஐயத்துக்குள்ளாகும். மாறாக, அதனைத் தாமே கூறி, தம் உரிமையைப் பறித்த சட்டத்தை முதலில் மறுத்து நின்றமை அந்நாட்டின்மீது பற்றின்மையைக் காட்டாது என விளக்குவோர் வாதத்தை உறுதிப்படுத்துகின்றனர்.

குடிசன மதிப்பீட்டுத் தொகைகளைக் கையாளும் முறையிலும் இதே குறை உண்டு. 1971இல் 1,174,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 818,656 ஆகக் குறைந்தது. இத்தொகைகளை அருகருகே வைத்து, ஒரு சமூகம் அழிக்கப்பட்டது என ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் கட்டுரைகள் உள. 1964, 1974 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர், வன்செயல்களால் வடக்குக்கும் கிழக்குக்கும் பெயர்ந்தோர், கணக்கெடுப்பில் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோர் எனக் காரணங்கள் பலவாகும். இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்தறிவதே ஆய்வு. ‘இந்தியத் தமிழர்’ என்ற வகுப்பே 1911 குடிசன மதிப்பில்தான் இலங்கைத் தமிழரினின்றும் வேறாக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. தொகை தானாகப் பேசுவதில்லை. அதனைத் தொகுத்தவரின் வரையறையும் உடன் பேசுகின்றது.

இனி, மலையகக் கட்டுரைகள் பெரிதும் தவிர்க்கும் எதிர்வாதத்துக்கு வருதல் வேண்டும். ஊவாவின் சிங்களக் குடியானவர் இழந்த நிலமே அது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது ஊவா, வெல்லச ஆகிய பகுதிகளில் பயிரும் குடியிருப்புகளும் அழிக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உரிமை நிறுவப்படாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியதாகக் கொண்டது. தோட்டங்கள் பெரும்பாலும் மக்கள் குடியிராத உயர்காடுகளிலேயே எழுந்தன என்போரும், சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கிராமத்தவர் நம்பியிருந்தவை அக்காடுகளே என்போரும் வரலாற்றாசிரியருள் உளர். 1951இல் வெளிவந்த கண்டிய குடியானவர் ஆணைக்குழுவின் அறிக்கை மத்திய, ஊவா மாகாணக் கிராமங்களின் வறுமையை விரிவாக எடுத்துரைத்தது. இவற்றைப் பேசாது விடும் மலையகக் கட்டுரை, பண்டாரவளைச் சந்தையில் நாள்தோறும் அருகருகே நிற்கும் இரு மக்களுள் ஒருவரை இல்லாதவராகக் கருதுகின்றது.

ஆயின் இவ்வெதிர்வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டு நோக்கினால், அதனுள் சொல்லப்படாத ஓர் எடுகோள் மறைந்திருத்தல் தெரியவரும். கிராமத்தவர் நிலம் தோட்டமாயிற்று. தோட்டத்தில் தமிழர் வாழ்கின்றனர். எனவே தமிழரே நிலத்தைக் கொண்டனர் என்பது அதன் வடிவம். தோட்டத்தில் உழைத்தவனும் தோட்டத்தை உடைமையாகக் கொண்டவனும் ஒருவரே என்று கொண்டாலன்றி இம்முடிபு பிறவாது. தான் வாழும் லயத்து அறைக்கும் உரிமைப் பத்திரம் இல்லாத ஒருவரை நிலத்தைக் கவர்ந்தவராகக் காட்டுதல் எவ்வாறு பொருந்தும்? எதிர்வாதத்தின் சான்றுகளை ஏற்று, அதன் எடுகோளை மட்டும் மறுக்கும்போது, குடியானவரின் முறைப்பாடும் தொழிலாளியின் முறைப்பாடும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகி விடுகின்றன. பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதலை ஏழு மதங்களுள் ஒன்றாக நன்னூல் வைத்ததும், சிவஞான சித்தியார் பரபக்கத்தை முதலிற் கூறிச் சுபக்கத்தைப் பின்னர் வைத்ததும் இக்காரணம் பற்றியே எனலாம்.

இன்றைய ஊதியப் பிரச்சினையிலும் இம்முறையின் தேவை வெளிப்படுகின்றது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாதல் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நிறைவேறியது. அப்போதும் அதன் பின்னரும் நிர்வாகத் தரப்பு கூறிவருவது ஒன்றே: கென்யாவிலும் இந்தியாவிலும் ஒரு தொழிலாளி ஒரு நாளில் எடுக்கும் கொழுந்து இங்கு எடுப்பதினும் மிகுதி; எனவே ஊதிய உயர்வுக்கு நியாயமில்லை. இதற்கு விடையாக வறுமையை வருணித்தல் விடையாகாது. வறுமையை எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. ஆராயவேண்டியது ஒப்பீட்டையே. விதையிலிருந்து வளர்ந்த முதுசெடிகள் நிற்கும் செங்குத்தான மலையையும், அண்மையில் நட்ட செடிகள் நெருங்கி வளர்ந்த சமநிலத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கொழுந்தெடுப்பவளின் கைமீது சுமத்துவது எடுத்துக்காட்டுப் போலியாகும். செடியைப் புதுப்பித்தல், பசளையிடல், களைபிடுங்கல் ஆகியன 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் கடன். கூடையைச் சுமப்பவளின் கடனன்று. இவ்வாறு எழுதும் மாணவன் தொழிலாளிக்காக அழவில்லை. அவளது வழக்கை நடத்துகின்றான்.

சொல்லாத எடுகோள் உயிரையே காவு கொள்ளவல்லது என்பதற்கு மீரியபெத்தை சான்று. பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியே செல்லும் பாதை இறங்கும் கொஸ்லந்தைப் பகுதியில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தமை பின்னர் வெளிவந்தது. உடனே எழுந்த வாதம் யாது? எச்சரிக்கை விடுக்கப்பட்டது, மக்கள் அகலவில்லை, எனவே பொறுப்பு அவர்களுடையது. எச்சரிக்கப்பட்டவருக்குச் செல்ல ஓர் இடமும், தோட்டத்தை விட்டகன்றும் வேலையை இழவாதிருக்கும் உறுதியும் இருந்தன என்ற எடுகோள் இன்றி இவ்வாதம் நில்லாது. அவ்வெடுகோளை வெளியே இழுத்து வைத்த கணமே பொறுப்பு இடம் மாறுகின்றது. அதே வேளை, முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் வெளிவந்த இறப்புத் தொகை பின்னர் பெரிதும் குறைந்தது என்பதை அறிந்தும், பெரிய தொகையையே மேற்கோளாகக் கொள்ளும் கட்டுரைகள் இறந்தோருக்குச் செய்யும் மரியாதை எது? ஒருவர் இறந்திருப்பினும் வாதம் நிற்கவேண்டும். தொகையைக் கூட்டினால்தான் நிற்கும் வாதம் முன்னரே விழுந்த வாதம்.

இவ்வாறு வற்புறுத்துவது ஆய்வாளனை உணர்ச்சியற்றவனாக்கும் என்றும், ஒடுக்குவோனுக்கும் ஒடுக்கப்படுவோனுக்கும் இடையில் நடுநிலை கோருவதாகும் என்றும் சிலர் கூறுவர். நடுநிலை வேறு, நேர்மை வேறு. நடுநிலையாளன் முடிபு கூறாது ஒதுங்குகின்றான். நேர்மையாளன் முடிபைக் கூறி, அம்முடிபு எத்தகைய சான்று கிடைத்தாற் பொய்யாகும் என்பதையும் உடன் கூறுகின்றான். உணர்ச்சி ஆய்வைத் தொடக்கி வைக்கலாம். எந்த வினாவைக் கேட்பது என்பதை அது தீர்மானிக்கலாம். வினாவுக்கு விடையாக அது அமைதல் ஆகாது.

இக்குறைக்கு மாணவரை மட்டும் நோவது முறையன்று. பக்க எண்ணிக்கைக்கும் மேற்கோள் எண்ணிக்கைக்கும் புள்ளி வழங்கும் விரிவுரையாளர், ‘இம்முடிபுக்கு எதிராகச் சொல்லத்தக்க மிக வலிய கூற்று எது? அதற்கு நின் விடை எங்கே?’ என்று கட்டுரையின் ஓரத்தில் எழுதுவது மிக அரிது. ஓர் அறிஞர் பெயரைச் சொன்னாற் சான்று ஆகிவிடும் என்ற எண்ணமும், கட்சி மேடையின் சொற்றொடர் கட்டுரையில் இடம்பெற்றாற் கோட்பாடு ஆகிவிடும் என்ற எண்ணமும் அவர்களாலேயே வளர்க்கப்பட்டன. தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுப்பவர் ஈரத்தையும் முற்றல் இலையையும் கழித்தே கணக்கிற் பதிவார். அக்கழிவு நியாயமானதா என்று பெண்கள் நாள்தோறும் அவரோடு வழக்காடுவர். நிறுப்பவனையும் நிறையையும் ஒருங்கே ஐயுறும் அக்கூர்மை தோட்டத்தில் உண்டு. அங்கிருந்து வந்தோர் பல்கலைக்கழகத்தில் அதனை இழந்துவிடின், குறை அவர்கள் வந்த இடத்தினதன்று.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியது. காணி, வீடு, ஊதியம், தாய்மொழியில் நிர்வாகம் என்னும் வழக்குகள் முடிந்தில. அவற்றை ஆணைக்குழுக்களின் முன்னும் நீதிமன்றங்களிலும் மாகாண சபையிலும் நடத்த வேண்டியவர்கள் இன்று விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருப்போரே. ஆங்கே எதிரில் இருப்பவர் பரிவு கொண்டவராக இருப்பார் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. 1953இல் இலண்டனில் இருந்தவரும் அவ்வாறு இருக்கவில்லை.